சதையும் கோடும்: ஜென்னி சாவில் ஓவியங்கள்

1992ஆம் ஆண்டு கிளாஸ்கோ கலைப்பள்ளியின் இறுதியாண்டு மாணவர் கண்காட்சியில் ஏழடி உயரமும் ஆறடி அகலமும் கொண்ட ஓர் ஓவியம் மாட்டப்பட்டிருந்தது. பெயர் 'பிராப்ட்'. முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டவள் என்று ஏறக்குறைய அர்த்தம் சொல்லலாம். பெருத்த உடல்கொண்ட பெண் ஒருத்தி, அவள் எடைக்குச் சற்றும் பொருந்தாத ஒல்லியான உயர ஸ்டூலின்மேல் ஆடையின்றி உட்கார்ந்திருக்கிறாள். காலில் மட்டும் வெள்ளைக் காலணிகள். விரல்கள் தன் தொடைச் சதையையே கவ்விப் பிடித்திருக்கின்றன. நாம் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். அதனால் முழங்கால் பெரிதாகவும் முகம் சிறிதாகவும் தெரிகிறது. ஓவியப்பரப்பின்மேல் லூஸ் இரிகாரே என்ற பெண்ணியச் சிந்தனையாளரின் வரிகள் கீறி எழுதப்பட்டிருக்கின்றன, இடவலம் மாறிய கண்ணாடி எழுத்தில். எதிரே சில அடி தள்ளி ஒரு நிலைக்கண்ணாடி. வரிகளைப் படிக்க வேண்டுமென்றால் ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்க வேண்டும். பார்த்தால் அவளோடு நாமும் அதில் தெரிவோம்.

இதை வரைந்த ஜென்னி சாவிலுக்கு அப்போது வயது 22. 1970இல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். விளம்பரத் துறைப் பெரும்புள்ளியும் கலைச் சேகரிப்பாளருமான சார்ல்ஸ் சாட்சி அந்த மாணவ ஓவியங்களை வாங்கினார். அடுத்த பதினெட்டு மாதங்கள் வேறு கவலையில்லாமல் வரையவும் வழிசெய்தார். 1997இல் லண்டன் ராயல் அகாடமியில் நடந்த 'சென்சேஷன்' கண்காட்சி அவரைப் பரவலாக அறியவைத்தது. 2018 அக்டோபர் 5 அன்று லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் இதே 'பிராப்ட்' 95 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. உயிரோடு இருக்கும் ஒரு பெண் கலைஞரின் படைப்புக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்த மிக உயர்ந்த விலை அது. ஆனால் மறுநாள் உலகம் பேசியது அதைப் பற்றி அல்ல. அதே ஏலத்தில் பேங்க்ஸியின் பலூன் சிறுமி ஓவியம், சட்டகத்துக்குள் ஒளித்து வைத்திருந்த கத்திகளால் தானே கிழிபட்ட கதையைத்தான் எல்லோரும் பேசினார்கள்.

சாவிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சதையைப் பற்றியே எழுதுகிறார்கள். எண்ணெய் வண்ணம் கண்டுபிடிக்கப்பட்டதே சதையை வரையத்தான் என்ற பொருளில் டி கூனிங் சொன்னதை மேற்கோள் காட்டுவார்கள். ரூபன்ஸ், பேக்கன், லூசியன் ஃபிராய்ட் என்று ஒரு வம்சாவளியும் சொல்வார்கள். இன்னொரு பக்கம், பெருத்த உடலைக் கொண்டாடும் ஓவியர், அழகின் அளவுகோலை உடைத்தவர் என்று ஒரு வாசிப்பு இருக்கிறது. இன்ஸ்டாகிராம் வந்த பிறகு அதுதான் பிரபலம். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் இரண்டும் விட்டுவிடுகிற ஒன்று அவர் ஓவியங்களில் தொடக்கம் முதல் இருக்கிறது. அது கோடு. உடம்பின்மேல் யார் கோடு போடுகிறார்கள்? அந்தக் கோடு யாருக்கு வாசிக்கக் கிடைக்கிறது? சாவிலின் முப்பதாண்டுப் பணியை இந்த இரண்டு கேள்விகளின் வழியாகப் பார்த்தால்தான் அவர் எங்கே மகத்தான ஓவியர், எங்கே சறுக்குகிறார் என்பது புரிகிறது என்பது என் எண்ணம்.

*

முதலில் சதையைக் கடந்துவிடலாம். தமிழில் உடலுக்கு நிறைய சொற்கள் உண்டு. அவற்றுள் மேனியும் உடம்பும் ஒன்றல்ல. மேனி பார்க்கப்படுவது. பளபளப்பது, வாடுவது, மின்னுவது எல்லாம் மேனி. உடம்பு சுமக்கப்படுவது. வலிப்பது, கனப்பது, ஊதுவது, 'சரியில்லாமல்' போவது எல்லாம் உடம்பு. 'மேனி சரியில்லை, இன்னிக்கு லீவ்' என்று யாரும் மேனேஜருக்கு மெசேஜ் அனுப்புவதில்லை. ஐரோப்பிய ஓவிய மரபின் நிர்வாணப் பெண்கள், டிஷியனின் வீனஸ் தொடங்கி, பெரும்பாலும் மேனிகள். சாவில் வரைவது உடம்பு.

2025 கோடையில் லண்டன் நேஷனல் போர்ட்ரைட் கேலரியில் அவருடைய ஓவியங்களின் பெரிய கண்காட்சி நடந்தது. அலுவலக வேலையாகப் போயிருந்த நான் ஒரு சனிக்கிழமையை அங்கேயே கழித்தேன். பத்தடி தள்ளி நின்றால் தோல். இரண்டடிக்கு வந்தால் தோல் என்று ஒன்றுமே இல்லை. சாம்பல் நீலம், அழுக்குப் பச்சை, காயம் ஆறும்போது வருகிற ஊதா, நடுவே திடீரென்று செங்கல் சிவப்பு. ஒவ்வொரு தீற்றலும் உள்ளங்கை அகலம். பின்னால் போனால் மறுபடி உடம்பு கூடிவிடுகிறது. இந்த முன்னும் பின்னுமான நடையை ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் நடக்கலாம். அச்சிலும் திரையிலும் கிடைக்காத அனுபவம் இது.

மதிய உணவின்போது ஃபோனில் 'பிராப்ட்' படத்தைக் காட்டியபோது என் டீமில் இருக்கும் ஒரு பெண், "ஐயோ அக்கா, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்றாள். அந்த 'ஒரு மாதிரி'யை நான் மதிக்கிறேன். ஆனால் அது எதனால் வருகிறது? பெருத்த உடம்பை நாம் தினமும் பார்க்கிறோம். பஸ்ஸில் இடித்துக்கொண்டு நிற்கிறோம். அம்மா, அத்தை, பெரியம்மா எல்லோரும் அப்படித்தான். அந்த அளவு நமக்குப் புதிதல்ல. நம்மைத் தொந்தரவு செய்வது அண்மை. இவ்வளவு அருகில், இவ்வளவு கீழிருந்து ஓர் உடம்பைப் பார்த்த அனுபவம் நமக்கு ஒரே ஒரு வயதில்தான் இருந்தது. தரையில் தவழ்ந்த வயதில். சிறுவயதில் பியானோ ஆசிரியையைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த நினைவைச் சாவில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய தொடக்கக்கால ஓவியங்கள் அனைத்தும் அந்தக் குழந்தையின் கண்மட்டத்தில் இருக்கின்றன. அதனால்தான் 'அருவருப்பு' என்று சிலர் சொல்லும் அந்த உணர்வுக்குள் ஏதோ பழைய நெருக்கமும் கலந்திருக்கிறது.

*

இனி கோடு.

'பிளான்' 1993இல் வரையப்பட்டது. ஒன்பதடி உயரம். இதை நான் அச்சில் மட்டுமே பார்த்திருக்கிறேன். நிற்கும் ஒரு பெண்ணின் உடம்பு சட்டகத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. வயிறு, தொடை, மார்பு எங்கும் வளையம் வளையமாகக் கோடுகள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் மார்க்கர் பேனாவால் இப்படித்தான் குறிப்பார்கள். படுத்தால் கொழுப்பு நகர்ந்துவிடும் என்பதால் நிற்கவைத்தே குறிப்பது வழக்கம். எங்கே மேடு, எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதற்கான அடையாளங்கள் அவை.

பொறியியல் படித்தவர்களுக்கு இந்த ஓவியத்தின் தலைப்பு வேறொரு வகையில் உறைக்கும். முதலாமாண்டு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பில் மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்த எவருக்கும் 'பிளான்' என்றால் திட்டம் அல்ல, மேலிருந்து பார்க்கும் தோற்றம். ஒரு கூம்பை முன்னாலிருந்து வரைந்தால் முக்கோணம், மேலிருந்து வரைந்தால் வட்டம். பொருளை முழுதாக அறிய அதைப் பல பக்கங்களிலிருந்து தட்டையாக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். பிறகு சர்வே படிக்கிறவர்களுக்குச் சமஉயரக் கோடுகள் வரும். மலையில் ஒரே உயரமுள்ள புள்ளிகளை இணைக்கும் வளையங்கள். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சரிவு. சாலை போட, குவாரி வெட்ட, அணை கட்ட அது வேண்டும். சமஉயரக் கோட்டு வரைபடத்தை யாரும் மலைக்காக வரைவதில்லை. மலையை ஏதோ செய்யப்போகிறவர்கள்தான் வரைகிறார்கள்.

சாவிலுக்கு இது தெரியும். அவருடைய மூன்று பகுதி ஓவியமான 'ஸ்ட்ராட்டஜி'யின் உட்தலைப்பு தெற்கு முகம், முன் முகம், வடக்கு முகம். மலையேறிகள் சிகரத்தின் பக்கங்களைச் சொல்லும் மொழி. ஒரே பெண் உள்ளாடையோடு மூன்று பக்கங்களிலிருந்து காட்டப்படுகிறாள், டிராயிங் ஷீட்டில் கூம்பைக் காட்டுவதுபோல. மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் என்ற வேல்ஸ் ராக் குழு 1994இல் வெளியிட்ட 'தி ஹோலி பைபிள்' இசைத்தொகுப்பின் அட்டையில் இந்த ஓவியம் இருக்கிறது. அந்தத் தொகுப்பில் பசியை மறுத்துத் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பற்றிய பாடல் உண்டு. அதன் தலைப்பே ஓர் எடை அளவு, 4 ஸ்டோன் 7 பவுண்ட். நம் கணக்கில் சுமார் 28.5 கிலோ. கரைந்துபோகும் பெண்ணைப் பற்றிய பாடலும் பெருத்த பெண்ணின் அட்டைப்படமும் ஏன் முரண்படவில்லை? இருவர்மேலும் விழுவது ஒரே அளவுகோல் என்பதால்தான்.

அந்த அளவுகோல் எனக்கும் அந்நியமல்ல. வருடாவருடம் அலுவலகத்தில் நடக்கும் ஹெல்த் செக்கப்பில் என்னைப் பற்றி முதலில் அச்சாகி வருவது பெயர், அடுத்தது பிஎம்ஐ. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் இந்தக் கணக்கின் மூலச் சூத்திரத்தை 1830களில் உருவாக்கியவர் அடோல்ஃப் கெத்தலே என்ற பெல்ஜிய வானியலாளர். மக்கள்தொகையின் சராசரி மனிதனைத் தேடியவர் அவர். தனியொருவரின் ஆரோக்கியத்தைச் சொல்ல அவர் அதை உண்டாக்கவில்லை. இன்று அது என் தலைக்குமேல் சிவப்பிலோ பச்சையிலோ தொங்குகிறது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் "கொஞ்சம் இளைச்சேன்னா லட்சணமா இருப்ப" என்று பிரியமாகச் சொன்ன சித்தியின் கையில் மார்க்கர் பேனா இல்லை, அவ்வளவுதான். கோடு விழுந்துவிட்டது.

அதே 1992இல் வரைந்த 'பிராண்டட்' ஓவியத்தில் சாவில் தன் முகத்தை வரைந்து, அதற்குத் தன் உடம்பைவிடப் பெருத்த ஓர் உடம்பைக் கொடுத்திருக்கிறார். சதையின்மேல் ஆங்கிலச் சொற்கள் கீறப்பட்டிருக்கின்றன. மென்மையானவள், அலங்காரமானவள், அறிவுக்கு ஒவ்வாதவள் என்ற பொருள் வரும் சொற்கள். பெண்ணுக்குச் சமூகம் ஒட்டும் பட்டியல் அது. கருத்து சரி. ஆனால் ஓவியமாக இது 'பிளான்' அளவுக்கு ஆழம் போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. சொல்லைப் படித்ததும் புரிந்துவிடுகிறது. புரிந்தபின் மறுபடி பார்க்க என்ன இருக்கிறது? 'பிளான்'இன் வளையங்களில் சொல் கிடையாது. அவை வசையும் அல்ல. துல்லியமானவை, உதவி செய்ய வந்தவை, அந்தப் பெண் தானே கேட்டு வாங்கியவையாகவும் இருக்கலாம். அதுதான் பயங்கரம்.

1993-94இல் வரைந்த 'டிரேஸ்' இன்னும் நுட்பமானது. ஒரு பெண்ணின் முதுகு, வேறொன்றுமில்லை. உள்ளாடையின் பட்டைகள் இறுக்கியிருந்த தடம் தோலில் பள்ளமாக நிற்கிறது. ஆடை போய்விட்டது, அதன் எல்லைக்கோடு மட்டும் மீதம். இடுப்பில் பாவாடை நாடாவின் தழும்போடு வாழும் எந்தப் பெண்ணுக்கும் இந்த ஓவியத்தை விளக்க வேண்டியதில்லை. இங்கே கோடு போட்டது மருத்துவரும் இல்லை, சித்தியும் இல்லை. தினசரி. அதனால் வெளியிலிருந்து விழுந்த கோடா, உடம்பே வளர்த்துக்கொண்ட கோடா என்று பிரிக்க முடியவில்லை. நமது அடையாளம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி இப்படி இறுகி இறுகி விழுந்த தடம்தான் என்று இந்த முதுகு சொல்கிறது.

*

1994இல் சாவில் நியூயார்க்கில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனின் அறுவை அரங்கில் நின்று சிகிச்சைகளைக் கவனித்தார். கத்தி நுழைவதையும் தோல் தூக்கப்படுவதையும் பார்த்தார். சதை என்பது வண்ணத்தைப் போலவே இடம்மாற்றக்கூடிய பொருள் என்ற எண்ணம் அதற்குப் பிந்தைய ஓவியங்களில் தெரிகிறது. மாற்றம் என்ற கருவுக்கு அவர் வந்து சேர்வது இந்த வழியாகத்தான். 1999இல் 'மேட்ரிக்ஸ்', 2004-05இல் 'பாசேஜ்'.

இங்கேதான் எனக்குச் சாவிலோடு ஒரு வழக்கு இருக்கிறது. அதுவரை அவர் வரைந்தவற்றில் பெரும்பாலும் அவர் உடம்போ முகமோ இருந்தது. கோடு போடுபவரும் போடப்படுபவரும் ஒருவரே. 'மேட்ரிக்ஸ்'ஸில் அமர்ந்தவர் டெல் லாகிரேஸ் வோல்கானோ, ஊடுபாலினர், தன் சமூகத்தைத் தானே ஆவணப்படுத்திய புகைப்படக் கலைஞர். ஆண்தன்மை கொண்ட முகம், மார்பகங்கள், பெண்ணுறுப்பு. இவற்றில் பெண்ணுறுப்பு நமக்கு மிக அருகில், முகம் தூரத்தில். தமிழில் அவரைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்ற ஒரு சொல் போதும், மொழி என்னிடம் வேறெதையும் கேட்பதில்லை. ஆனால் ஓவியத்தின் அமைப்பு கேட்கிறது. தெருவில் திரும்பிப் பார்க்கிறவன் கேட்கும் அதே கேள்வியை, 'இது என்ன?' என்பதை, முதலில் கேட்டு முதலில் பதிலும் சொல்லிவிடுகிறது. மார்க்கர் பேனா இப்போது ஓவியரின் கையில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

'பாசேஜ்' வேறு. சுமார் பதினோரடி உயரம். மார்பகங்களும் ஆண்குறியும் கொண்ட ஒருவர் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். இத்தகைய உடல் முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் இருந்திருக்க முடியாது, பாலினங்களுக்கு நடுவே மிதக்கும் ஓர் உடலைத் தேடினேன் என்ற பொருளில் சாவில் சொல்லியிருக்கிறார். முதல் பாதியை நான் ஏற்கமாட்டேன். சிலிகான் புதிது, இடைப்பட்ட உடல் புதிதல்ல. லூவ்ரில் உறங்கும் ஹெர்மாஃப்ரோடிடஸ் சிலை பண்டைய ரோமிலிருந்து வந்தது. நம்மூர் வாசகருக்கு உடனே அர்த்தநாரி நினைவுக்கு வருவார். ஆனால் அர்த்தநாரியை நினைத்துக்கொண்டு 'பாசேஜ்' முன்னால் போனால் ஒரு வித்தியாசம் புரியும். அர்த்தநாரியில் நட்டநடுவே ஒரு கோடு உண்டு. இடது பாகம் அம்மை, வலது பாகம் அப்பன். இரண்டு முழுமைகளைச் சிற்பி அந்தக் கோட்டில் சேர்த்திருக்கிறார். 'பாசேஜ்'இல் அந்தக் கோடு இல்லை. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று சுட்ட முடியாது. தொடையின் சாம்பல் நிறமே மார்புக்கும் ஏறுகிறது. தலைப்பின்படி அது ஒரு வழி. அந்த வழியில் இருப்பவர் வந்துசேர்ந்தவராகவும் இல்லை, பாதியில் நிற்பவராகவும் இல்லை. சாவில் என்ற ஓவியர், சாவில் என்ற பேச்சாளரைவிட அறிவாளி என்று நான் நினைக்கும் இடம் இது.

*

2007, 2008இல் அவருக்கு அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் பிறந்தன. அதற்குப் பிறகு கோடு முற்றிலும் வேறாகிறது. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் லியோனார்டோவின் புகழ்பெற்ற கரிக்கோட்டு ஓவியத்தை, மரியாளும் அன்னம்மாளும் குழந்தையுமான ஓவியத்தை, அடியொற்றி 2009-10இல் பெரிய கரித்துண்டு ஓவியங்களை வரைந்தார். 2011இன் 'தி மதர்ஸ்' ஓவியத்தில் இரண்டு குழந்தைகளை அள்ளிக்கொண்டிருக்கிறார். குழந்தை சும்மா இருக்காது. திமிறும், வழுக்கும், முதுகை வளைக்கும். சாவில் அதன் ஒரு நிலையை வரைகிறார், பிறகு அழிக்காமல் அதன்மேலேயே அடுத்த நிலையை. பிறகு இன்னொன்று. ஒரு குழந்தைக்கு நான்கு கைகள், மூன்று தலைகள். தாயின் முழங்கை எது, பழைய கோட்டின் மிச்சம் எது என்று தெரிவதில்லை.

என் தொழிலில் ஒரு நிரலின் பழைய வடிவங்களை எல்லாம் சேமித்து வைப்போம். ஆனால் ஓடுவது கடைசி வடிவம் மட்டும்தான். மற்றவை கிடங்கில் கிடக்கும். இந்த ஓவியங்களில் எல்லா வடிவங்களும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாற்றம் என்பது 'முன்-பின்' என்ற இரண்டு படங்களாக நமக்கு விற்கப்படுகிறது. ஜிம் விளம்பரம், பியூட்டி கிளினிக் விளம்பரம் எல்லாம் அப்படித்தான். சாவில் அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஐம்பது படங்களையும் ஒரே தாளில் வைக்கிறார். 'பிளான்'இல் கோடு உடம்பை முடித்துவைக்க வந்தது, இங்கே எந்தக் கோடும் முடிவான கோடு அல்ல.

அண்மைக்கால முகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் நியூயார்க் காகோசியனில் காட்டிய 'எல்பிஸ்' வரிசையிலிருந்து வண்ணங்கள் வெடிக்கின்றன. மஞ்சள், நியான் இளஞ்சிவப்பு, மின்நீலம். கைத்திறனில் குறையே கிடையாது. லண்டன் கண்காட்சியில் அதிகம் பேர் ஃபோனை எடுத்தது இவற்றின் முன்னால்தான். ஆனால் இந்த முகங்கள் அழகானவை, இளமையானவை, நம்மை ஈர்க்க விரும்புகிறவை. இவற்றில் உடம்பு மறுபடி மேனியாகிவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. திரையின் ஒளி இன்றைய தோலின் நிறம் என்று ஓவியர் தரப்பில் வாதிடலாம். இருக்கலாம். ஆனால் 'டிரேஸ்'இன் முதுகு நம் கண்ணுக்காகக் காத்திருக்கவில்லை. அந்த அலட்சியம்தான் அதன் கம்பீரம்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கையில் சாவிலிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது 'உன் உடம்பை நேசி' என்ற அறிவுரையை அல்ல. அந்த அறிவுரையும் நம்மேல் விழும் இன்னொரு கோடுதான். நேசிக்க முடியாத நாட்களில் அதற்கும் சேர்த்துக் குற்றவுணர்ச்சி வரும். அவர் காட்டுவது வேறொன்றை. நம் உடம்பின்மேல் எழுதப்பட்டவை இருக்கின்றன, பலதை நம் பக்கத்திலிருந்து வாசிக்க முடியாது. அவற்றை அழிக்கவும் வழியில்லை. ஆனால் அடுத்த கோட்டை அதன்மேலேயே போடலாம். அதுவும் கடைசிக் கோடாக இருக்க வேண்டிய அவசியமில்லை.